குமிழ் நான்கில் இருந்தது

இரைச்சல் எனக்கு ஆகாது. கல்யாண வீடுகளில்கூட வாத்தியக்காரர்களுக்குத் தள்ளியிருக்கும் மேசையாகப் பார்த்துத்தான் உட்காருவேன். என் மனைவி இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வாள். "வெடி எடுக்கிற மனுஷனுக்கு டிரம்பெட் சத்தம் தாங்கலையாம்" என்பாள். அவள் கேலி நியாயம்தான். ஆனால் நல்ல காது இருப்பவனுக்குத்தான் இரைச்சல் வலிக்கும். எங்கள் குழுவில் என்னைவிட நல்ல காது யாருக்கும் இல்லை என்று தலைவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வேண்டுமானால் அவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். நன்றி. வாயால் சொன்னால் முன்னும் பின்னுமாக வரும். எழுதினால் வரிசையாக வரும்.

கண்ணிவெடி அகற்றும் வேலையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். போரில் இரண்டு வருடம் சுமந்த துப்பாக்கியைவிட அதிக காலம் இந்த உலோகம் கண்டறியும் கருவியைச் சுமந்திருக்கிறேன். வேலை எளிமையானது. நிலத்தை ஒரு மீட்டர் அகலமுள்ள தடங்களாகப் பிரித்துக் கயிறு கட்டுவோம். முன்னால் ஒரு குச்சியைக் குறுக்கே போட்டுக்கொண்டு, அந்தக் குச்சிக்கு அப்பால் கருவியை இடமும் வலமும் மெதுவாக வீசுவோம். சத்தம் வராவிட்டால் குச்சியை ஒரு முழம் முன்னால் நகர்த்துவோம். சத்தம் வந்தால் மண்டியிட்டு, கம்பியைச் சாய்வாக மண்ணுக்குள் விட்டு, விரலால் மண்ணைத் தள்ளிப் பார்ப்போம். நூறு தடவை பார்த்தால் தொண்ணூற்றொன்பது தடவை ஆணியோ, தகர மூடியோ, தோட்டாக் கூடோதான் இருக்கும்.

எங்கள் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம். கருவி கத்தினால் தோண்ட வேண்டும். பழைய காசு தேடித் திரிகிறவர்கள் இரும்பை ஒதுக்கிவிட்டுத் தேடலாம், அவர்கள் கருவியில் அதற்கு வசதி இருக்கிறது. எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

நான் மாமா என்று கூப்பிடும் விவசாயி ஹசிப்பின் நிலம் எட்டு துனும், அதாவது இரண்டு ஏக்கர்தான். சாவா ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஊரின் கடைசி வீட்டுக்குப் பின்னால். போரில் இரண்டு படைகளும் மாறி மாறிப் பிடித்த இடம். போர் முடிந்து பதினான்கு வருடமாக அவர் தன் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் மண்டையோட்டுப் பலகைதான் தெரியும். போன வருடம் செப்டம்பரில் நாங்கள் அங்கே போனோம். அந்த நிலத்தில் வெடி இருக்கலாம் என்று குறித்திருந்த துண்டில் முப்பத்திரண்டு தடங்கள் கட்டினோம். ஒவ்வொன்றும் நாற்பது மீட்டர் நீளம்.

பதினான்காம் தடத்துக்கு நேர் மேலே உயர் அழுத்த மின்கம்பி போகிறது. கம்பிக்குக் கீழே கருவியைப் பிடித்தால் காதில் குளவிக் கூட்டைக் கட்டியதுபோல ஓயாமல் இரையும். அதற்கும் வழிகள் உண்டு. அலைவரிசை மாற்றும் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம், நான் எல்லா நிலையிலும் அழுத்திப் பார்த்தேன். கருவியின் முனையிலுள்ள பெரிய தட்டைக் கழற்றிச் சின்னத் தட்டைப் போடலாம், போட்டேன். தட்டை மண்ணுக்கு ஒட்டினாற்போலப் பிடித்து, இன்னும் மெதுவாக வீசலாம், வீசினேன். பக்கத்துத் தடங்களில் இதெல்லாம் கொஞ்சம் பலித்தது. பதினான்கில் பலிக்கவில்லை. ஏனென்றால் அங்கேதான் ஹசிப் மாமாவின் பழைய கொட்டகை எரிந்து விழுந்திருந்தது. கூரை ஆணி, வேலிக் கம்பி, பிறகு அந்த இடத்தில் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்த சிப்பாய்கள் தின்று போட்ட மீன் டப்பா. மேலேயிருந்து ஒரு இரைச்சல், கீழேயிருந்து ஒரு இரைச்சல். மூன்று நாளில் நான்கு மீட்டர்கூட நகரவில்லை.

இந்த மாதிரி இடத்துக்குச் சரியான வழி ஒன்று இருக்கிறது. குறிப்பேட்டில் 'கருவிக்கு ஒத்துவராத நிலம்' என்று எழுதித் தலைவரிடம் கொடுத்தால் போதும். அவர் மின்சார அலுவலகத்துக்கு எழுதி, நாலு மணி நேரம் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்வார். அல்லது கருவியை மூட்டை கட்டிவிட்டு, தடம் முழுவதையும் ஒரு சாண் ஆழத்துக்குக் கையாலேயே தோண்டச் சொல்வார். ஒரு மாதம் ஆகும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் எழுதவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். ஹசிப் மாமாவைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். தினமும் பதினோரு மணி ஓய்வுக்கு அவர் எச்சரிக்கை நாடாவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார். செம்புக் குடுவையில் காபி, ஒரு தட்டில் அவர் மனைவி ரெமீஸா அத்தை சுட்ட பீட்டா, உள்ளே பாலாடைக்கட்டி வைத்த அப்பம். முதல் நாளே என்னிடம் சொன்னார்:

"நீ எந்தப் பக்கம் நின்னு சண்டை போட்டேன்னு நான் கேக்க மாட்டேன். நீயும் சொல்லாத. காபி ஆறிடும், குடி."

அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. உண்மையாகவே பிடித்தது. என் அப்பா என்னோடு சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதில்லை. இவர் என்னைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார்.

"என்னப்பா நெவென், ஆமை இன்னைக்கு எவ்வளவு தூரம் போச்சு?"

"ஒரு மீட்டர் போச்சு மாமா."

"நிஜ ஆமைய விட்டிருந்தா இந்நேரம் ஆத்தத் தாண்டியிருக்கும். நவம்பர் வந்தா பனி விழுந்துடும்டா. பனி விழுந்தா நீங்க மூட்டையக் கட்டிடுவீங்க. அடுத்த வருஷம் உங்கள எந்த ஊருக்கு அனுப்புவானோ, யாரு கண்டா?"

"நான் வேணும்னா மெதுவாப் போறேன்?"

"தெரியும்டா, கோச்சுக்காத. எம் மகன் செனாத் வெளிநாட்டுலேர்ந்து போன்ல கேட்டுக்கிட்டே இருக்கான். நிலம் கைக்கு வந்தா குடும்பத்தோட வந்துடுறேன், இல்லேன்னா லின்ஸ்லயே ஒரு வீடு பாத்துக்கறேன்ங்கறான். அங்க வீடு வாங்கிட்டான்னா அப்புறம் எங்கே வரப்போறான்? என் சாவுக்கு வருவான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தபோது அவர் கண் என் தடத்தின் மேலேயே இருந்தது. ஒரு மனிதனுக்கு மகன் திரும்பி வருவதும் வராததும் என் கையிலிருக்கும் கருவியின் வேகத்தைப் பொறுத்தது என்றால் நான் என்ன செய்ய முடியும்?

கருவியில் ஒரு குமிழ் உண்டு. ஒன்றிலிருந்து பத்து வரை. எண் கூடக் கூடக் கருவியின் காது கூர்மையாகும். எங்களுக்கு உத்தரவு எட்டு. காலையில் வேலை தொடங்குமுன், கம்பிக்குத் தொலைவில் புதைத்து வைத்திருக்கும் சோதனைத் துண்டுக்கு மேல் கருவியை வீசிக் காட்ட வேண்டும். கேட்கிறதா என்று கூட்டாளி பார்த்துக் கையெழுத்துப் போடுவான். நான்காம் நாள் காலையில் எட்டில் வைத்துக் காட்டினேன். கேட்டது. வோயின் கையெழுத்துப் போட்டான். பிறகு தடத்துக்குப் போய்க் குமிழை நான்குக்குத் திருப்பினேன்.

அந்த அமைதியை உங்களுக்கு விளக்க முடியாது. குளவிகள் போய்விட்டன. பெரிய தகரமும் டப்பாவும் மட்டும் ஒழுங்காகச் சத்தம் கொடுத்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தேன், ஒன்றையும் விடவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கில் கேட்ட எதையும் நான் விடவில்லை. மீதி முப்பத்தாறு மீட்டரை ஐந்து நாளில் முடித்தேன்.

வோயினைப் பற்றி எழுத வேண்டும். எட்டு வருடமாக என் கூட்டாளி. நூற்றுப் பத்துக் கிலோ, முழங்கால் இரண்டும் போய்விட்டது. நாற்பது நிமிடம் ஒருவன் வேலை செய்ய வேண்டும், மற்றவன் பின்னால் நின்று பார்க்க வேண்டும், பிறகு மாற வேண்டும் என்பது விதி. பதினான்காம் தடத்தில் நான் மாறவில்லை. அவன் முறை வந்தபோதெல்லாம், "நீ உக்காருடா, உன் முட்டி ஆடுது, நானே பாத்துக்கறேன்" என்றேன். குறிப்பேட்டில் மட்டும் முறைப்படி அவன் பெயரை எழுதினோம். அவன் ஒரே ஒரு தடவை கேட்டான்.

"ஏன்டா, நேத்து வரைக்கும் பேய் மாதிரி கத்திக்கிட்டிருந்த தடம் திடீர்னு சாதுவாயிடுச்சு?"

"அலைவரிசை ஒத்துக்கிச்சு. கடைசிப் பொத்தான்ல."

"உன் காதுக்கு ஒரு கோயில் கட்டணும்டா."

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. வோயினுக்குச் சந்தேகப்படத் தெரியாது.

நவம்பர் முதல் வாரத்தில் நிலத்தை ஒப்படைத்தோம். ஒப்படைக்கும் நாளில் எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் எந்த விவசாயியும் நம்ப மாட்டான். அதனால் குழுவில் எல்லாரும், நிலத்துக்காரரும், வர விரும்பும் ஊர்க்காரர்களும் கை கோர்த்து ஒரே வரிசையாக நின்று நிலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்போம். அடுத்த கோடியில் போய்ச் சேர்ந்ததும் யாராவது அழுவார்கள். அன்றைக்கு யார் எங்கே நிற்பது என்று வரிசைப்படுத்தும் பொறுப்பைத் தலைவர் எனக்குக் கொடுத்திருந்தார்.

பதினான்காம் தடத்தில் வோயினை நிறுத்தினேன். "நீ நடுவுல நில்லு. படத்துல எடுப்பா இருக்கும்" என்றேன். மகிழ்ச்சியாகப் போய் நின்றான். ஹசிப் மாமா என் கையைத்தான் பிடிப்பேன் என்று அடம்பிடித்தார். அவரை இருபத்தெட்டாம் தடத்துக்குக் கூட்டிப்போனேன். "இங்க வாங்க மாமா, அந்தப் பக்கம் வெயில் கண்ணுல அடிக்கும்" என்றேன். நாற்பது மீட்டரும் அவர் என் கையை விடவில்லை. நான் வோயினின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். என்னைத் தவறாக நினைக்க வேண்டாம், அது ஒரு நிதானமான யோசனை. அந்தத் தடத்தில் ஏதாவது இருந்தாலும், வோயினைத் தாங்கும் மண் யாரையும் தாங்கும்.

ஒன்றும் ஆகவில்லை. ஹசிப் மாமா அந்தக் கோடியில் மண்டியிட்டு மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். நானும் அழுதேன்.

அதே சமயம் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஆளைக் கொல்லப் புதைக்கும் சின்ன வெடி மனிதன் மிதித்தால் வெடிக்கும். டாங்கியை நிறுத்தப் புதைக்கும் பெரிய வெடி அப்படி இல்லை. வோயின் அதன் மேல் குதித்து நடனமாடினால்கூடப் பேசாமல் கிடக்கும். டாங்கியோ, லாரியோ, டிராக்டரோ ஏற வேண்டும். அதிலும் ஒரு வகை முழுக்க பிளாஸ்டிக். உள்ளே சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் உலோகம். கை கோர்த்து நடப்பதெல்லாம் ஊர்க்காரர்களின் மனநிறைவுக்காகத்தான்.

பனிக்காலம் முழுவதும் அவர்கள் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அவர்கள் அழைத்தார்கள், நான் போனேன். ரெமீஸா அத்தை எனக்கென்று கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தார். பிப்ரவரியில் செனாத் மனைவியோடும் ஆறு வயது மகள் நெய்லாவோடும் வந்து இறங்கினான். லின்ஸில் வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய சிவப்பு டிராக்டரை வாங்கிக் கொண்டுவந்திருந்தான். ஹசிப் மாமா அதைப் பிள்ளை பெற்றவளைப் பார்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அந்த வீட்டில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அதற்குக் காரணம் நான். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. குமிழை எட்டிலேயே வைத்திருந்தால் செனாத் வந்திருக்க மாட்டான்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

பதினான்காம் தடத்தில் இருபத்து மூன்றாவது மீட்டர். வெள்ளிக்கிழமை, வேலை முடிய அரை மணி நேரம் இருந்தது. ஏன் என்று தெரியவில்லை, குமிழைக் கொஞ்ச நேரம் எட்டுக்குத் திருப்பினேன். கை பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் வந்தது. இரைச்சலுக்கு நடுவில் ஒரு சின்ன ஓசை வந்தது. கம்பியின் இரைச்சல் ஓரிடத்தில் நிற்காது, அலையும். ஆணியின் சத்தம் கூர்மையாக வெட்டும். இது மெதுவாக, உருண்டையாக, இடமிருந்து வீசினாலும் வலமிருந்து வீசினாலும் ஒரே இடத்தில் கேட்டது. எங்கள் குழுவில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது என்பது என் எண்ணம். பதினோரு வருடத்தில் அந்த ஓசையை ஆறு முறை கேட்டிருக்கிறேன். ஆறு முறையும் அது ஆணியாக இருந்ததில்லை.

தோண்டியிருக்கலாம். தோண்டி அது வந்திருந்தால், நான்கு மீட்டரிலிருந்து இருபத்து மூன்று மீட்டர்வரை எப்படி வந்தாய் என்று தலைவர் கேட்டிருப்பார். தடம் முழுவதையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பனி விழுந்துவிடும். என் பெயர் போய்விடும் என்பதும் மனதில் ஓடியது, இல்லை என்று சொல்லவில்லை. குமிழை மறுபடி நான்குக்குக் கொண்டுவந்தேன். ஓசை இல்லை. குச்சியை ஒரு முழம் முன்னால் நகர்த்தினேன்.

மார்ச் மாதம் மூன்றாவது சனிக்கிழமை உழவு தொடங்கியது. என்னையும் வோயினையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வோயின் முழங்கால் ஊசி போட நகரத்துக்குப் போயிருந்தான். நான் மட்டும் போனேன். கொல்லையில் மேசை போட்டு, எனக்கும் ஹசிப் மாமாவுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். செனாத் முதலாம் தடத்தின் பக்கமிருந்து உழ ஆரம்பித்தான். நெய்லா அவன் மடியில் உட்கார்ந்து தானே ஓட்டுவதாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா உன் ஆமை கிழிச்ச நிலத்த, என் மகன் குதிரையா ஓட்டறான்" என்றார் மாமா.

"ஓட்டட்டும் மாமா."

"உனக்கு என்னடா ஆச்சு, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? சாப்பிடு. ரெமீஸா, இவனுக்கு இன்னொரு துண்டு வை."

சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே எண்ணினேன். ஒவ்வொரு உழவுச் சாலுக்கும் டிராக்டர் முக்கால் மீட்டர் தள்ளிப் போகிறது. கலப்பை பதினான்காம் தடத்துக்குள் வருவது பதினெட்டாவது சாலில். ஆனால் ஒரு பக்கச் சக்கரம் உழாத மண்ணில் முன்னதாகவே போகும், அது பதினாறில் வந்துவிடும். வெடியின் குறுக்களவு ஒரு சாண் சொச்சம். சக்கரம் சரியாக அதன் மேல் ஏறுவதற்கு நாலில் ஒரு வாய்ப்புத்தான். நாலில் மூன்று பங்கு, ஒன்றும் நடக்காது. அதற்குப் பிறகு அது ஒருபோதும் நடக்காது என்றுகூடச் சொல்லலாம். நாலில் ஒரு பங்குக்காக அந்த மேசையில் உட்கார்ந்து வாயைத் திறந்து சொல்ல வேண்டிய வார்த்தைகளை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். முதல் வார்த்தை 'மாமா'. அதற்கு அடுத்த வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. அவர் அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

பன்னிரண்டாவது சால் முடிந்து டிராக்டர் வீட்டுப் பக்கம் திரும்பியபோது எழுந்து போய்க் கையைக் காட்டினேன். செனாத் நிறுத்தினான்.

"நெய்லா, உங்க வீட்டுல முயல் இருக்காமே. எனக்குக் காட்டவே இல்லையே?"

"அப்பாகூட ஓட்டிட்டு வந்து காட்டறேன்."

"அதுக்குள்ள அது தூங்கிடும். இப்பவே காட்டு."

அவள் செனாத்தைப் பார்த்தாள். அவன் அவளைத் தூக்கி என் கையில் கொடுத்தான்.

"போ கண்ணு, மாமாவுக்குக் காட்டிட்டு வா. அப்பா இங்கதானே இருக்கேன், எங்க போயிடப் போறேன்?"

அவன் முகத்துக்கு நேராக நின்றேன். கை நீட்டினால் சாவியைத் திருப்பி அணைத்திருக்கலாம், அவ்வளவு பக்கம். பிள்ளையை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

முயல் கூண்டு வீட்டுக்கு அந்தப் பக்கம், கல் சுவருக்குப் பின்னால் இருந்தது. அந்தச் சுவர் நல்ல கனம், முன்பே பார்த்து வைத்திருந்தேன். நெய்லா மூன்று முயல்களையும் காட்டினாள். ஒன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அப்பா வைப்பார் என்றாள். டிராக்டர் ஒவ்வொரு கோடியிலும் திரும்பும்போது எஞ்சின் சத்தம் மாறும். பதிமூன்று, பதினான்கு, பதினைந்து என்று காதாலேயே எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறாவது சால் தொடங்கியதும், ஒரு விளையாட்டு விளையாடலாம், கண்ணை மூடு, நான் உன் காதைப் பொத்துகிறேன், முயல் என்ன பேசுகிறது என்று உள்ளே கேட்கும் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்தினேன்.

முதலில் மண் அதிர்ந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவளுக்குக் காதில் ஒரு குறையும் வரவில்லை. மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டார்.

செனாத்துக்கு முப்பத்து நான்கு வயது. நான் அவனுக்காக வருந்தாத நாள் இல்லை. அவன் மனைவி மறுபடி லின்ஸுக்குப் போய் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள், பிள்ளை தாத்தா பாட்டியிடம் இருக்கிறது. ஹசிப் மாமா இப்போது பேசுவதில்லை. போனால் காபி மட்டும் ஊற்றுகிறார். என்னைக் கிண்டல் செய்ய அந்த ஊரில் இப்போது யாரும் இல்லை.

விசாரணைக் குழு வந்தபோது குறிப்பேட்டைக் கேட்டார்கள். இருபதாவது மீட்டரிலிருந்து இருபத்தாறுவரை வோயினின் பெயர் இருந்தது. உங்கள் குமிழ் எதில் இருந்தது என்று என்னைக் கேட்டார்கள். எட்டில் என்றேன். அவன் வேலை செய்தபோது எதில் இருந்தது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். அன்று சாயங்காலம் வோயின் என் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"நீ எட்டுலதானேடா வெச்சிருந்தே?"

"எட்டுலதான்."

"அப்போ அது நம்ம விதி. கருவிக்கே கேக்கலேன்னா என்ன பண்றது? நான் சொல்லப்போறதில்ல, என் முறையிலயும் நீ எனக்காக முட்டி போட்டேன்னு. பாத்து நிக்க வேண்டியவன் நான், கையெழுத்து என்னுது. எனக்காகச் செஞ்சவன நான் எப்படிடா காட்டிக் குடுப்பேன்?"

அவனை உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த முழங்காலோடு செனாத்தைப் புதைத்த கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வெளியே நின்றுவிட்டு வருகிறான். உள்ளே போகத் தனக்கு முகமில்லை என்கிறான். திங்கட்கிழமை நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளப் போவதாக அவன் மனைவி சொல்லி அழுதாள். செய்யாததை ஒருவன் ஒப்புக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் நானாக உங்களிடம் வந்தேன். வோயினை விட்டுவிடுங்கள். பதினான்காம் தடம் முழுக்க நான்தான். குமிழை நான்குக்குத் திருப்பியவன் நான். ஓசையைக் கேட்டவன் நான். உழவுச் சால்களை எண்ணியவனும் நான்தான். இதில் எதையும் பிறகு மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பகுதியில் ஒரு வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு குடும்பம் வேறு மதத்துக்காரன் ஒருவனைக் கூப்பிட்டுத் தங்கள் குழந்தையின் முடியில் ஒரு கற்றையை வெட்டச் சொன்னால், அன்றிலிருந்து அவன் அந்தக் குழந்தைக்குக் கூம். ரத்த உறவைவிட ஒரு படி மேல். போன வாரம் ரெமீஸா அத்தை என் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டார்.

"இந்தக் கைதான்டா ராசா அவள டிராக்டர்லேர்ந்து எறக்குச்சு. ஆண்டவன் உன் ரூபத்துல வந்தான். அப்பன் போயிட்டான், அவளுக்கு ஒரு ஆளு வேணும். ஞாயித்துக்கெழம வந்து அவ முடிய வெட்டு. வெட்டிட்டேன்னா நீ எங்க வீட்டுப் பிள்ளை."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கத்தரிக்கோலும் புதிதாக வாங்கிவிட்டேன். அந்த ஒரு நாள் மட்டும் என்னை வெளியே விட்டால், சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிடுவேன், காவலுக்கு ஆள் அனுப்பினாலும் சரி. அதுவரை இந்தத் தாளை அவர்களிடம் காட்ட வேண்டாம். நீங்கள் என்னை என்னவென்று எழுதிக்கொண்டாலும் எழுதிக்கொள்ளுங்கள், நியாயமாக ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அன்று அந்த மேசையில் என் இடத்தில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும், அந்தப் பிள்ளையை டிராக்டரிலிருந்து இறக்கியிருக்கவே மாட்டார்கள்.